மேலது

தார்த்துவில் குளிர்காலம் என்றால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போடுவது.
அந்த விளக்கின் கீழ்தான் என் வேலை:
பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளின்
அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது.
கருத்துக்குள் நான் போவதில்லை.
எனக்குக் காற்புள்ளி போதும்.

ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளி,
ஆண்டு பிறை அடைப்புக்குள்,
நூற்பெயர் சாய்வெழுத்தில்,
இரண்டாம் வரி சற்று உள்ளே தள்ளி.
மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால்
என்னை 'முற்றுப்புள்ளி' என்கிறார்கள்.
மேற்கோள்குறி போட்டே எழுதுகிறேன்,
சொன்னது அவர்கள்.

மெரிட் கொண்டுவந்தது பனிக்கட்டியைப் பற்றியது:
பெய்ப்சி ஏரி உறைந்தால் எவ்வளவு தாங்கும் என்று.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம்:
"பதினெட்டு சென்டிமீட்டர் கனமிருந்தால்
சனவரியில் குதிரையும் வண்டியும் அக்கரை சேரும்;
மார்ச்சில் அதே கனத்தை ஒரு நாயும் நம்பாது."
அடிக்குறிப்பு: காங்குர், 1961, பக். 212.

அழகான வாக்கியம்.
ஆய்வேட்டில் அழகைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.
பொறியாளர் காங்குர் நாயை எங்கே பார்த்தார்?

நூலகத்தின் கீழ்த்தளத்திலிருந்து அவரை வரவழைத்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் நூல் முடிந்திருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு
அச்சேறவே இல்லை.

"பதினேழு கட்டுரைகள் இதையே காட்டுகின்றன"
என்றாள் மெரிட், பதினேழையும் மேசையில் பரப்பி.
பதினேழு பேரும்
முன்னே போனவர் முதுகைப் பார்த்து நடந்தவர்கள்.
ஒருவரும் ஏரிக்குப் போகவில்லை;
கீழ்த்தளத்துக்குக்கூடப் போகவில்லை.

கருத்துக்குள் போவதில்லை என்றேனே.
பக்க எண் கருத்தல்ல.
பக்க எண் என் எல்லைக்குள் வருவது.

இரண்டு வாரம் பின்னோக்கி நடந்தோம்.
2009இலிருந்து 1994க்கு,
அங்கிருந்து ரிகாவில் கடன் வாங்கிய ஒரு பிரதிக்கு,
கடைசியில்
1966இல் தட்டச்சான ஒரு கட்டுரையின் மூலப்படிக்கு.
பனிரண்டாம் குறிப்பு, காங்குர்.
பதின்மூன்றாம் குறிப்பு, ஒரே சொல்லும் ஓர் எண்ணும்:
மேலது, 212.

மெரிட்தான் முதலில் கண்டாள்.
பனிரண்டு மட்டும் கையெழுத்தில் இருந்தது.
கீழே தட்டச்சில் இருந்த 12ஐ
அதே நீலப் பேனா 13 ஆக்கியிருந்தது.
பெரிய மனிதரை விட்டுவிட்டோமே என்று யாரோ,
அச்சுக்குப் போகும் நாளாக இருக்கலாம்,
காங்குரை இடையில் செருகியிருக்கிறார்கள்.
'மேலது' இருந்த இடத்திலேயே இருந்தது.
மேலே இருந்த ஆள் மாறிப்போனார்.

பதினொன்றாம் குறிப்பு:
அலீடே பாபோ, வானிலை நோக்கர், முஸ்த்வே.
ஆறாம் நோட்டுப்புத்தகம். அச்சிடப்படாதது.

ஆவணக்காப்பகத்தில் நோட்டு கிடைத்தது.
அட்டையில் எண்ணெய்க்கறை, மீன்வாடை
(வாடை மெரிட்டின் கூற்று; நான் சரிபார்க்கவில்லை).
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், பென்சிலில்:
"மார்ச் 9. பதினெட்டு.
முரியை முன்னால் விட்டேன்.
பத்தடி போய் உட்கார்ந்துகொண்டது.
கூப்பிட்டும் மேலே போகவில்லை.
நானும் திரும்பிவிட்டேன்."

ஐம்பத்தெட்டு ஆண்டாக
அவள் திரும்பிவந்த அந்தப் பத்தடி
காங்குரின் கணக்கில் இருந்தது.

பதினேழு கட்டுரைகளையும் இனித் திருத்த முடியாது.
மெரிட் தன்னுடையதைத் திருத்தினாள்.
அடித்துத் திருத்திய குறிப்பை என்முன் நீட்டி,
"முரியை எங்கே போடுவது?" என்றாள்.

கையேட்டைப் புரட்டினேன்.
வரைபடத்துக்கு விதி இருக்கிறது, கடிதத்துக்கு இருக்கிறது,
பெயர் தெரியாத ஆசிரியருக்கும் இருக்கிறது.

"இரண்டாம் ஆசிரியர்" என்றேன்.
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
பாபோவுக்குப் பின் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது,
அதைச் சுட்டி
ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.