ஃபில்லம்

முருகேஷ்பாளையாவில், மூன்றாவது மாடியில்,
ராத்திரி எட்டரைக்கு எங்களுக்கு
வாய் கழுவும் வகுப்பு.
லவீனா பின்டோ மிஸ்
ஆளுக்கொரு டிஷ்யூ பேப்பர் தருவார்.
உதட்டுக்கு நேரே தொங்கவிட்டுக்கொண்டு
'பேப்பர்' என்று சொல்ல வேண்டும்.
சரியாகச் சொன்னால் தாள் பறக்கும்.
எனக்குப் பத்து நாளாகப் பறக்கவில்லை.
துக்க வீட்டு வேட்டி போல அப்படியே தொங்குகிறது.

தீப்தாங்ஷு ஓடிவந்து
'பேன் வந்துவிட்டது' என்று கத்தினால்
முதல் வாரம் தலையில் கைவைத்துப் பார்த்தேன்.
வாசலில் நின்றது கம்பெனி வேன்.
ஷைனிக்கு எல்லாமே ஜிம்பிளி.
ஜஸ்பிந்தருக்கு அளவு மெய்யர்,
மகிழ்ச்சி ப்ளெய்யர்.
சிரித்தேன்; சிரித்து மாட்டிக்கொண்டேன்.
'நீ மட்டும்? யெம், யென், யெல்.
யே என்றால் எங்கள் ஊரில் இது.
இது, இது என்று எதையோ காட்டுகிறாய்,
திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.'

மிஸ்ஸுக்கு என்னிடம் பெரிய கவலை ஃபிலிம்.
ல்லுக்கும் ம்முக்கும் நடுவில்
யாரும் உட்காரக் கூடாதாம்.
மெய்யும் மெய்யும் முட்டிக்கொண்டால்
நடுவே ஓர் உயிரை உட்காரவைத்துச்
சமாதானம் பண்ணியே பழகிய நாக்கு இது.
ஃபில்லம் என்றேன்.
மறுபடி.
ஃபில்லம்.
தண்ணீர் குடித்துவிட்டு வா என்றார்.

ஹெட்செட்டையும் ஷெரில் என்ற பெயரையும்
மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால்
ஒன்றேகால் மணிக்குக் கிளாஸ்கோவிலிருந்து ஒருவர்.
முதல் நிமிஷம் ஒரு எழவும் விளங்கவில்லை,
சரளைக் கல்லில் சைக்கிள் விடுகிற சத்தம்.
இரண்டாம் நிமிஷம்தான் பிடிபட்டது:
றகரம்!
என் நாக்கிலிருந்து மிஸ் மழித்தெடுத்த அதே றகரம்
கிளாஸ்கோவில் மீசையோடு நிற்கிறது.

'என் ஃபில்லம் பாதியில் நின்றுபோச்சு' என்றார்.

ல்லுக்கும் ம்முக்கும் நடுவில்
காலை நீட்டி உட்கார்ந்திருந்தது ஓர் உயிர்.

'எந்த ஃபில்லம், சார்?'
கேட்டபின்தான் பக்கென்றது.
அந்தப் பக்கம் மூச்சே இல்லை.
கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டாரோ,
கண்ணாடி அறையில் ஒட்டுக்கேட்கிறார்களோ.
'நீ எந்த ஊர்ப் பொண்ணு?'
சொல்லக் கூடாது. விதி நான்கு.
அருப்புக்கோட்டை என்றேன்.

'ஆர்ப்ரோத்தா!
என் மச்சினன் அங்கேதானே இருக்கிறான்.
புகைபோட்ட மீன் இப்பவும் கிடைக்கிறதா?'

எங்கள் ஊரில் கடல் இல்லை.
தறி உண்டு, நூல் மில் உண்டு,
மீன் என்றால் ஐஸ் பெட்டியில்
பஸ் ஏறி வரும்.
'கிடைக்கிறது சார்,
விலைதான் ஏறிப்போச்சு.'
'எல்லா இடத்திலும் அப்படித்தான்' என்று வருத்தப்பட்டார்.
டப்பாவை அணைத்துப் போடச் சொன்னேன்.
ஃபில்லம் ஓடியது.
ஓடுகிற சத்தத்தை எனக்கும் கொஞ்சம் கேட்கக் கொடுத்தார்.

மறுநாள் மதிப்பெண் தாள்.
உச்சரிப்பு: பூஜ்யம்.
வாடிக்கையாளர் திருப்தி: ஐந்துக்கு ஐந்து.
மிஸ் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்,
என் டிஷ்யூவை வாங்கி
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

போன வியாழக்கிழமை
அவர் படம் மறுபடியும் நின்றதாம்.
ஆர்ப்ரோத் பெண்ணைக் கொடு என்றாராம்.
எனக்கு அன்றைக்கு லீவு.
ஜஸ்பிந்தர் எடுத்துச் சரிசெய்து
'மை ப்ளெய்யர், சார்' என்றாளாம்.
நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:
'நீ வேல்ஸ் பக்கமா?'

'வேல்ஸ் எங்கே இருக்கிறது?' என்கிறாள்
படிக்கட்டில், விடிகிற நேரத்தில்,
டீயை ஊதிக்கொண்டே.
எனக்கும் தெரியாது.
லூதியானா தாண்டி என்றேன்.
கீழே தீப்தாங்ஷு கத்துகிறான்,
பேன் வந்துவிட்டதாம்.