துரையின் அனுமதி

மண்ணின் ஈரத்தைக் கணக்கிடும் மென்பொருள்.
தலவாக்கலையில் மூன்று கணினிகள், மூன்று குணம்.

ஒஃபிஸ் விண்டோஸ் கேட்டது: நிர்வாகி அனுமதி உண்டா?
"இதுக்குள்ளயும் துரைதானா" என்றாள் புனிதமலர்.
கடவுச்சொல் தெரிந்தவர் கொழும்பில், லீவில்.

ஜெகதாஸின் மேக்
முன்பின் தெரியாத ஆள் செய்ததென்று
திறக்கவே மறுத்தது.

என்னுடையது லினக்ஸ். மூடி உடைந்தது.
ஒரு லைப்ரரி இல்லையென்றது, கொடுத்தேன்;
அந்த லைப்ரரிக்கு இன்னொன்று வேண்டுமாம்.
எழுபத்தொரு சதவீதத்தில் மூடுபனி இறங்கி
சிக்னல் செத்தது.

பிளேன்டீ ஆறியது.
மழைமானியில் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர்.

இரவு ஒன்றே முக்காலுக்கு ஓடியது.
பிழை எதுவுமில்லை.
வரைபடத்தில் முதலில் சிவந்தது
ஏழாம் நம்பர் லயம்.

பெரட்டுக்கு இன்னும் நேரமிருந்தது.
புனிதமலர் போனை எடுத்து
அம்மாவை எழுப்பினாள்.