விடுவதற்கான செலவு

திருக்கடலூர்க் கரை. ஐந்தரை மணி.
கரைவலை இழுக்கிறார்கள்.
ஐஸ்பெட்டி, வெப்பமானி, படிவங்களோடு
நான் ஒதுங்கி நிற்கிறேன்.
மீனின் தரம் பார்க்கிற உத்தியோகம்.
அவர்களுக்கு நான் 'லேப் பிள்ளை'.

பத்திநாதனுக்கு முறை மாறியது.
ஈர மண்ணில் குந்தி
பணிசைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்கிறான்.
மூன்று கரண்டி சீனி போட்டான். எண்ணினேன்.

அந்தச் சீனி இனி
அவன் கெண்டைக்காலுக்குள் இறங்கும்,
துண்டு துண்டாகக் கழறும்.
கழற்றச் செலவு உண்டு.
உயர்தரத்தில் நான் தலைகீழாய்ப் பாடமாக்கியிருந்தேன்,
பிணைப்பு உடைந்தால் சக்தி வரும் என்று.
உடைவதில் ஒரு சதமும் வராது.
உடைந்தவை ஒட்சிசனிடம் போய்
முன்னையிலும் இறுக்கமாய்ச் சேரும்போதுதான்
கையில் மிச்சம் விழும்.

மிச்சத்தைக் கலம்
பெரிய நோட்டாக வைத்துக்கொள்ளாது.
சில்லறையாக்கிவிடும். பெயர் ஏ.ரீ.பி.
ஒரே சைக்கிளில் மூன்று பொசுபேற்றுகள்,
ஒருவரையொருவர் பிடிக்காத மூன்று பேர்,
முழங்கை இடிக்க இடிக்க.
கடைசி ஆள் குதித்து
தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்தால்
தசையில் ஓர் இழை இம்மியளவு நகரும்.
இம்மி இம்மியாய்த்தான்
இந்த வலை வந்துகொண்டிருக்கிறது.

எந்த நேரத்திலும் உடம்பின் கையிருப்பு
ஒரு பிடி நெத்தலிக்கு மேலிராது.
ஒரு நாளில் கைமாறுவதோ
கிட்டத்தட்டப் பத்திநாதனின் எடை.
அதே காசு,
திரும்பத் திரும்ப.

மடி கரையேறியது.
சூடை, காரல், நடுவில் ஒரு பாரை.
பாரை துள்ளியது, துள்ளியது,
இருந்த சில்லறை முழுவதையும் மணலில் கொட்டியது.

துள்ளிச் சாகிற மீன் கெதியில் விறைக்கும்.
பிடிப்பதற்கான கூலி
தசைக்குள் முன்பே கட்டியாயிற்று.
பிடியை விடத்தான்
புதிதாய் ஓர் ஏ.ரீ.பி. வேண்டும்.
வராவிட்டால் இழை இழையைப் பிடித்தபடியே நின்றுவிடும்.
இறந்ததின் இறுக்கம் பலமில்லை,
வங்குரோத்து.

விரலால் அமத்திப் பார்த்து
படிவத்தில் எழுதுகிறேன்:
பாரை, ஒன்று. விறைப்பு தொடக்கம், 7.10.

அங்கால் ஏலம் கூவுகிறார்கள்.
பத்திநாதன் கயிற்றைப் போட்டுவிட்டு வருகிறான்.
விரல்கள் மட்டும்
கயிற்றின் தடிப்புக்கு வளைந்தபடியே.
அலைக்குள் கையை வைத்து
கொஞ்சம் பொறுத்திருக்கிறான்.
ஒவ்வொன்றாய் விரிகின்றன.
சின்னவிரல் கடைசியாக.