அரைப்பேர்

ரத்மலானையில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால்
ஒன்பதரைக்கு எங்கள் தோட்டத்துக்கு மேலே வருவேன்.
அங்கேதான் நடக்கும்.
மோதாது, விழாது, புகையாது.
திரை ஒருமுறை கறுக்கும்,
பெட்டிக்குள் ஏதோ மூச்சை இழுத்துவிட்டு
அரிச்சுவடியிலிருந்து மறுபடி தொடங்கும்.
நான் மட்டும் இரண்டு கையாலும்
இல்லாத விமானத்தைப் பிடித்தபடி இருப்பேன்.

செக்றோல் கிளார்க் எழுதாமல் இருப்பானா?
பழைய பெரட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில்
வரி போட்டுக் குறித்துவந்தேன்:

மே 6. புது டிரைவர். அரைப்பேர்.
மே 7. பழைய டிரைவர். அரைப்பேர்.
மே 9. ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்து
திரும்பச் செருகியது. அரைப்பேர்.

நோம் எட்டாத கொழுந்துக்காரிக்குப் போடுவேனே
அதே அரைப்பேர்,
அதே சிவப்புப் பேனை.

ஹட்டனில் பெனடிக்ட் பெட்டியைத் திறந்து
பல்லி முட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான்.
'இதான் ஆளு' என்றான்.
ஆயிரத்து ஐந்நூறு.
அது இல்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
கோகிலவர்த்தினி செருப்பைக் கழற்றுமுன் கேட்பாள்:
'நேத்து எங்க?'
'நம்ம வீட்டுக்கு மேலதான்.'
'அப்ப எறங்கி வந்து தேத்தண்ணி வை.'

எப்போதும் ஒரே இடம் என்றால்
இடத்தில்தானே கோளாறு?
மலையைச் சந்தேகித்தேன்.
மேகத்தைக் குறைத்தேன். நிழலை நிறுத்தினேன்.
மரங்களை ஒவ்வொரு படியாக இறக்கி இறக்கி
கடைசியில் செடியில்லாத, ரோட்டில்லாத,
பச்சைத் துணி போர்த்திய வெறும் மேடு.
மே 12, வெசாக் இரவு, அதன்மேல் பறந்து
மட்டக்களப்பில் சக்கரம் பதித்தேன்.
முழுப்பேர்! அடிக்கோடு இரண்டு.
மரம்தான் காரணம் என்று பெனடிக்டுக்குப் போன் போட்டேன்.

மே 14. அதே பச்சைத் துணி. அரைப்பேர்.

மாதக் கடைசி. சம்பளக் கணக்கு.
ஒரே மேசையில் இரண்டு கொப்பி.
இடது கை என் திகதிகளில்,
வலது கை கிலோக்களில்.
கூட்டிக்கொண்டு போனவன் நின்றேன்.

மே 6. பெருமாயி இருபத்தெட்டு.
மே 9. சவரியம்மா முப்பத்தொன்று.
மே 14. மலை முழுக்கக் கூடுதல் கிலோ.
கொழுந்து குவிந்த நாளில்
ஃபெக்டரி மேல்மாடி ஃபேன் அத்தனையும்
ஒன்பதரைக்குச் சுற்றத் தொடங்கும்.
ஒரே லைன். ஒரே டிரான்ஸ்ஃபோமர்.
குவாட்டர்ஸ் பல்பு ஒரு கணம் மஞ்சளாகும்;
பதினோரு வருடமாகப் பார்த்ததால்
பார்க்காமலே போனது.
என் கிழட்டுப் பெட்டிக்கு
அந்த ஒரு கணம் போதும்.

அது வரைக்கும் சந்தோஷம்தான்.
கண்டுபிடித்தவனின் சந்தோஷம்.
பிறகு மே 21க்கு விரல் போனது.
நாள் முழுக்க மழை. கொழுந்து இல்லை.
பதினேழு பெண்களுக்கு அரை,
என் கையெழுத்தில்.
பின்பக்கத்தில், அதே திகதியில்,
எனக்கு முழு.

பெனடிக்டிடம் பழைய யூபிஎஸ் ஒன்று இருந்தது.
இரண்டு நிமிடம் தாங்கும் என்றான்,
பல்லி முட்டைக் காசை இதில் கழித்தான்.

ஜூன் 3. மரங்களையெல்லாம்
முழு அளவுக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.
ஒன்பதரைக்குப் பல்பு மங்க
மேசைக்கடியில் கோழிக்குஞ்சாய்க் கத்தியது யூபிஎஸ்.
விமானம் நடுங்கவில்லை.
கீழே பார்த்தேன்:
விளையாட்டுக்காரர்கள் எங்கள் மலைக்கு
ஊசியிலை மரம் நட்டிருந்தார்கள்.
லயம் இல்லை, கோயில் இல்லை,
ஃபெக்டரிப் புகைபோக்கி இல்லை.
கடந்தேன்.

மட்டக்களப்பில் இறங்கி எஞ்சினை அணைத்தபின்னும்
இரைச்சல் ஓயவில்லை.
ஜன்னலைத் திறந்தேன்.
ஃபெக்டரி மாடியில் ஃபேன்கள்.
சவரியம்மாவின் இன்றைய இருபத்தொன்பது
அங்கே வாடிக்கொண்டிருந்தது.
சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.
அன்றைய வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.