திகதி, கட்டடம், தெரிந்ததா

கொழும்பில் மலை இல்லை என்று
புவியியல் ரீச்சர் சொன்னதை நம்பி
இருபத்தொன்பது வயதுவரை சமதரையில் நடந்தேன்.
எனக்குத் தெரிந்த ஒரே உயரம்
ஆதிருப்பள்ளித் தெருவில்
சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளவைக்கும் அந்த ஏற்றம்.

பிறகு தண்ணீர்த் தாங்கி கழுவும் வேலை.
விடிய நாலரைக்கு வால்வைப் பூட்டி
ஆட்கள் எழும்பிப் பல்லுத் தேய்க்க முதல்
பாசி சுரண்டி, குளோரின் ஊற்றி, திறந்துவிட வேணும்.
முகத்துவாரத்து பிளட்ஸ். பன்னிரண்டாம் மாடிக்கும் மேலே
தாங்கியின் வயிற்றுக்குள்ளிருந்து
மூச்சுவிடத் தலையை மட்டும் நீட்டினேன்.
களனி ஆறு கடலுக்குள்
கோப்பி நிறத்தை ஊற்றிக்கொண்டிருந்தது.
காக்கைதீவுப் பக்கம் இரண்டு வள்ளம்.
திரும்பினால்,
கிழக்கே, மின்கம்பிகளுக்கு மிக அப்பால்,
நீலத்தை மடித்துக் கூராக நிறுத்தினாற்போல்
ஒரு முக்கோணம்.

"சுனேத், அது என்ன மேகம், அசையுதில்லை?"
அவன் வாளியைக் கீழே வைத்து
ஒரு பெயர் சொன்னான்.
ஏணியடியில் நின்ற மர்சூக் நானா
இன்னொரு பெயர் சொன்னார்.
எனக்கும் ஒன்று வாய்வரை வந்தது.
தாங்கிக்குள் அரை அடி சேறு கிடந்தது;
மூன்றையும் வெளியே விட்டு உள்ளே இறங்கினோம்.
முடித்து ஏறிவர
புகை, பஸ், பகல்.
முக்கோணம் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கொப்பி.

மாசி 3. தெமட்டகொடை. மினாராவுக்கு இடப்பக்கம். ஆம்.
மாசி 11. வெள்ளவத்தை. மேற்கே கடல், கிழக்கே புதுக் கட்டடங்களின் முதுகு. இல்லை.
மாசி 12. மருதானை. ஒரு தோள் மட்டும்.
பங்குனி முழுக்கப் புகார்.
வைகாசி, ஆனி எழுதவில்லை, மழை.
இரவில் கொட்டித் தீர்த்து வெளித்த
மார்கழி விடியல்தான் விடியல் என்று பிடிபட
ஒரு முழு வருஷம் போனது.

முகத்துவாரத்தில்
எட்டாம் மாடி டெல்சியா
பெரியாஸ்பத்திரி இரவு வேலை முடிந்து
வெள்ளை உடுப்பைக் கொடியில் போட வருவாள்.
காட்டினேன்.
"ஓ, அதுவா" என்றாள்
ஆறு வருஷமாய்ப் பார்க்கிறவள் மாதிரி.
ஆறு வருஷமாய்ப் பார்க்கிறவள்தான்.
போன போயாவுக்கு வார்ட்காரரோடு ஏறினாளாம்.
"உச்சியில பல்லுக் கிட்டின குளிர்.
கொழும்பு தெரியுமெண்டு மேற்கால பார்த்தன்.
இருட்டுக்குள்ள ஒரு மஞ்சள் அழுக்கு, அவ்வளவுதான்.
அதுக்குள்ள உங்கட தாங்கியைத் தேடினன்."
உடுப்புக் கிளிப் ஒன்று வாயில் இருந்தது,
சிரித்தாளா என்று தெரியவில்லை.
இதை எந்த நிரலில் எழுதுவது?

நான் ஏறவில்லை.
ஏறினால் அதைப் பார்க்க முடியாதே என்று
சுனேத்திடம் பெரிய கதையாகச் சொன்னேன்.
உண்மையில் லீவு கிடைக்கவில்லை.

போன வருஷம் பேலியகொடைப் பக்கம்
ஒரு கிரேன் எழுந்தது.
பத்தாம் தட்டோடு அடிவாரம் போனது.
பதின்மூன்றோடு வலத்தோள்.
பொங்கலுக்குச் சீமெந்து வரவில்லை;
மூன்று கிழமை எனக்கு லாபம்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
மஞ்சள் தொப்பிக்காரர் இருவர்
அந்தக் கூரின்மேல் நின்று
தேத்தண்ணி குடித்தார்கள்.
கொப்பியில் முகத்துவாரத்துக்கு நேரே
அடிமட்டம் வைக்காமல் ஒரு கோடு இழுத்தேன்.

நேற்று அதே கட்டடத்தார்
விலைமனு கேட்டிருக்கிறார்கள்.
இருபத்திரண்டு மாடி. உச்சியில் நான்கு தாங்கி.
வருஷத்தில் இருமுறை கழுவ வேணும்.
கணக்குப் போடச் சொல்லி என்னிடம் தந்தார் மர்சூக் நானா.
விலையைக் கொஞ்சம் குறைத்தேன்.
மாதம் என்ற இடத்தில்
மார்கழி ஒன்று, தை ஒன்று என்று எழுதினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"அடுத்தடுத்த மாதமா?" என்றார்.

"மழைக்குப் பிறகு பாசி கூட, நானா."