நீடாமங்கலம் கேட்

மன்னார்குடியில் படம் முடிந்தபோது மணி பத்தேகால்.
மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்,
நடுவில் ஒருமுறை கரண்ட் போனது தனி.
கிரே ஹெரான்ஸ் பற்றி வந்த மூன்று ஆவணப்படங்களில்
இதுதான் முழுமையானது என்று
அட்டையில் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும்.
லாரிக்காரர்கள் கைலியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார்கள்.
நாங்கள் இறங்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சண்டை.

"முழுமையாம்!" பின்சீட்டில் அமலோற்பவம்.
மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்,
எண் இல்லாமல் அவளுக்குக் கோபம் வராது.
"ஆர்கன் வாசிச்சவன் மொத்தம் பதினோரு செகண்ட்.
அதுல முகம் ரெண்டு. மிச்சம் ஒம்பதும் முழங்கை.
அவன் இல்லன்னா முதல் ரெண்டு ரிக்கார்டும்
வெறும் தகரக் கொட்டகை."

"முதல் படம்தான் படம்" என்றார் ஹாஜா நஜிமுதீன்.
நாகூர்க்காரர், கும்பகோணத்தில் செல்போன் ரிப்பேர்.
"அதுல யாரும் எதையும் விளக்கல.
நாப்பது நிமிஷம் ஒரு ரூம். ஒருத்தன் வயரைத் தேடுறான்.
டீ ஆறிப்போச்சுங்கிறான் டிரம்மர்.
அந்த டீ ஆறுற நேரத்துல, மூலையில
விளையாட்டா ஒருத்தன் நாலு தட்டு தட்டுறான் பாருங்க,
அதுதான் அப்புறம் ஊரு உலகமெல்லாம் ஓடுன பாட்டு.
ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல.
எனக்கு அது போதும்."

இரண்டாவது படத்தை யாரும் பேச்சில் எடுக்கவில்லை.
பாடகரின் மனைவி காசு போட்டு எடுத்தது.
அதில் அவர் குதிரைக்குத் தீனி வைக்கிறார்.

குஞ்சிதபாதத்துக்கு வேறு வருத்தம்.
வலங்கைமானில் ஸ்டூடியோ, கல்யாண வீடியோ.
"புகையைத் துடைச்சிட்டான் சார்.
அந்தக் கிளப்புல கூரையே கிடையாது, புகைதான் கூரை.
இப்ப பளிச்சுனு பல் தெரியுது, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.
நான் தினம் பண்ற பாவம்தான்.
அவனுக்கு என்ன வந்துச்சு?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
கொசுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டூர் திறக்காத வருஷம் அது.
குறுவை இல்லை, சம்பாவும் சந்தேகம்.
ரைஸ் மில்லில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.
திருவாரூர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில்
அந்த ஒரு பாட்டை மட்டும், பன்னிரண்டு தடவை.
இங்கிலீஷ் பாதி புரியாது.
புரிந்த பாதியில் ஒருத்தி கதவு வழியே போனாள்;
விளக்கை அணைக்காமல் யாரோ விடியவிடிய நின்றார்கள்.
எனக்குத் தெரிந்தவர்கள் போலிருந்தது.

இன்று அந்த மனிதர், புதுப் பல்செட்டோடு,
சிரித்தபடி கேமராவிடம் சொல்கிறார்:
"அது எங்கள் நாய். பெயர் மார்த்தா.
ஒன்றுக்குப் போக வெளியே விட்டோம், திரும்பி வரவில்லை."

சொல்லிவிட்டேன் இவர்களிடம்.
ஹாஜா சிரித்தார். குஞ்சிதபாதம் சிரிப்பை அடக்கப் பார்த்து
இருமினார்.
அமலோற்பவம் மட்டும் முன்னால் சாய்ந்து,
"எழுதினவனுக்கு என்ன தெரியும்?" என்றாள்.
"உற்பத்தி எங்கயோ நடக்கும்.
யூனிட் ஓடுறது உன் வீட்டு மீட்டர்ல."

எஞ்சின் போனது. பெட்டிகள் போயின.
கேட் தூக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புகுந்து
யாரும் நகர முடியவில்லை.
அந்த நெரிசலில் ஹாஜா பாட்டைப் போட்டார்,
வேண்டாம் என்று சொல்வதற்குள்.

முதல் சரணம் முழுக்க நாய்தான்.
வெண்ணாற்றுப் பாலம் வரை
ஹெட்லைட்டுக்கு முன்னால் ஓடிவந்தது.
இரண்டாவது சரணத்தில்
அந்தக் கதவு வந்தது, விளக்கு வந்தது;
நாயும் நின்றது கூடவே,
போகச் சொல்ல எனக்கு மனசில்லை.

அடுத்த வருஷம் நாலாவது படமாம்.
பாஸ் வாசித்தவரின் மகள் எடுக்கிறாள்.
மோசமாகத்தான் இருக்கும் என்றார்கள் மூவரும்.
வலங்கைமானில் இறங்கும்போது குஞ்சிதபாதம்
யார் வண்டியில் போவது என்று கேட்டார்.