சந்தை உச்சிக்கு வரும் இரவு

மூன்று அடுப்புக்கல்லையும் ஏரியில் போட்டாயிற்று.
அம்மி போனது. குழவி போனது.
மாடத்து மண்தெய்வங்கள்
ஒவ்வொன்றாய்த் தண்ணீர் குடித்து இறங்கின.
மரத்தில் கடைந்த த்லாலோக் மட்டும்
மூழ்க மறுத்து மிதந்தார்.
மழைக்கு அதிபதி,
தண்ணீரா அவருக்குப் புதிது?

என்னைத் தானியக் குதிரில் அடைத்தார்கள்.
நிறைசூலி.
ஐம்பத்திரண்டு வருடக் கட்டு முடியும் இன்றிரவு
நெருப்பு பிறக்காவிட்டால்
வயிற்றுப்பிள்ளைக்காரிகள் விலங்காய் மாறி
ஊரைத் தின்போமாம்.
முகத்துக்கு ஆனைக்கற்றாழை மடலில் ஒரு முகமூடி.
முள்ளெல்லாம் நறுக்கியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்.
அது இடது புருவத்தோடு
இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தது.

வாசலில் காவல் என் கணவன் மாத்லால்.
கையில் எரிமலைக் கண்ணாடி பதித்த தடி.
ஆறு வருடம் என் பாயில் படுத்தவன்.
தடியின் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று
குதிரின் விரிசல் வழியே பார்த்தேன்.
என் பக்கம்.

"பசிக்கிறதா?" என்றான்.
என்ன பதில் சொன்னாலும் வம்பு.
பேசாமல் இருந்தேன்.
அதுவும் வம்பாயிற்று:
தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கூரைமேல் நாத்தனார் சென்தேவா
பிள்ளைகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.
"முழிச்சிரு, முழிச்சிரு."
இன்று தூங்கும் பிள்ளை எலியாகிவிடும்.
இருட்டில் என் காலருகே
ஓர் எலி வந்து நின்றது.
"போன கட்டில் தூங்கிப்போனாயா?
யார் வீட்டுப் பிள்ளை நீ?"
சோளமணி ஒன்றை இரு கையால் ஏந்தித் தின்றது,
விருந்தாளியின் மரியாதையோடு.

ஆரல் மீன்கூட்டத்துக்கு
எங்கள் பேச்சில் சந்தை என்று பெயர்.
நெருக்கியடித்துக் குந்தி
விடியவிடியப் பேரம்.
சந்தை உச்சியைக் கடந்தால் உலகம் நடக்கும்.
நின்றுவிட்டால்
த்ஸித்ஸிமிமே, விண்மீன் பேய்கள்,
தலைகீழாய் இறங்கும்.
குதிருக்குள் ஏது வானம்?
ஊர் மூச்சடக்கியதை வைத்துத்தான்
நேரம் அறிந்தேன்.

மலையில் அவனைக் கிடத்தியிருப்பார்கள்.
போர்க்கைதி. ஹுவெஷோத்ஸிங்கோ பக்கம் என்றார்கள்.
சீமையெல்லாம் தேடியது அவனை இல்லை,
அவன் பெயரை.
அதில் 'ஷியு' வரவேண்டும்.
ஆண்டுக்கும் அதுதான் சொல்,
நெருப்புக்கும், நீலமணிக்கும்.
மார்பின்மேல் பலகை வைத்துத் தீக்கோல் கடைவார்கள்.
பொறி விழுந்ததும்
அந்த மார்பே அடுப்பு.

அவன் அம்மா
நீலமணியை நினைத்துத்தானே வைத்திருப்பாள்.

பிறகு அந்தச் சத்தம்.
ஏரிக்கரை நெடுக, ஒரே தொண்டையாய்.
காதைக் கீறி
ரத்தத்தை மலைப்பக்கம் சுண்டினார்கள்.
தொட்டில் பிள்ளைக்கும் விலக்கில்லை,
வீறிட்டு அழுத திசையெல்லாம் விளக்கு.
ஓட்டக்காரர்கள் பந்தத்தோடு வந்தார்கள்:
முதலில் கோயிலுக்கு,
பிறகு பூசாரிகள் வீட்டுக்கு,
கடைசியில், வழக்கம்போல, எங்கள் தெருவுக்கு.

மாத்லால் குதிரைத் திறந்தான்.
மணிக்கட்டில் கொப்புளம்;
புதுநெருப்பில் கைவைத்தால் புண்ணியமாம்.
முகமூடியைக் கழற்றினான்,
ஓரத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக.
உள்ளே முகம்தான் இருந்தது.
சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வர
இன்னும் ஒரு நாழிகை ஆயிற்று.

"கட்டு மாறும்போது கருவில் இருந்தது.
பெண் என்றால் ஷியுநெனெத்ல் என்று வைப்போம்.
ஊரே அப்படித்தான் வைக்கும்."
விரல்விட்டு எண்ணினேன்.
ஓர் இருபது, இன்னோர் இருபது, மேலே பன்னிரண்டு.
அப்போது எனக்கு எழுபத்தைந்து. இருந்தால்.
அவளுக்கு?
"பிறக்கட்டும், பார்ப்போம்" என்றேன்.
சொல்லும்போதே வேறொரு பெயர்
நாக்கின் அடியில் ஊறியது.
நெருப்பு இல்லாத பெயர்.

நண்பகல்வரை பட்டினி. பிறகு
தேன் பூசிய தண்டுக்கீரைவிதை அடை.
ஒரு விள்ளலைப் பிட்டுக்
குதிருக்குள் வைத்துவிட்டு வந்தேன்.
யார் வீட்டுப் பிள்ளையோ.